ஆறு பொன்மீன்களும் ஒரு கங்காணியும்

நூற்றெண்பது பேரை ஆளத் தெரிந்தவருக்கு ஆறு மீன்களை உயிரோடு வைத்திருக்கத் தெரியவில்லை. மூங்கில்மலைத் தேயிலைத் தோட்டத்துச் சோமசுந்தரம் கங்காணியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் தம்மைப் பற்றிச் சுருக்கமாகப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. ஆகையால் விரித்தே சொல்வோம்.

இலங்கையில், மாத்தளையிலிருந்து இரத்தோட்டைப் பாதையில் சென்று, மலையேறும் வண்டித்தடத்தில் திரும்பினால் அந்தத் தோட்டம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டில் அது மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என இரண்டு பிரிவுகளாக இருந்தது. மேற்கணக்கு ஆட்களுக்குச் சோமசுந்தரம் கங்காணி; கீழ்க்கணக்கு ஆட்களுக்குச் சிவசாமி கங்காணி. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டையும் ஒரே பெரிய கங்காணியின் கீழ்க் கொண்டுவருவதென்று கம்பெனி தீர்மானித்தது. அந்த ஒருவர் யார் என்று எழுதி அனுப்பவேண்டியவர் தோட்டத்துத் துரை. அன்றுமுதல் சோமசுந்தரத்துக்கு வேறு நினைவே இல்லை. கோட்டுக்கு வெள்ளிப் பித்தான்கள் தைத்துக்கொண்டார். துரையின் நாய் தும்மினால்கூடத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவ்வேளையில் துரை, துரைசானியோடு நான்கு மாத விடுப்பில் சீமைக்குப் புறப்பட்டார். அவர் திரும்புவதற்குள் பங்களாவின் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. (ஆட்கள் குடியிருந்த லயங்களின் கூரை ஒன்பது ஆண்டுகளாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு எவரும் விடுப்பில் போகவேண்டிய அவசியம் நேரவில்லை.) கூரை வேலை நடக்கும் இடத்தில், துரைசானி கொழும்பிலிருந்து தருவித்து இரண்டு ஆண்டுகளாக வளர்த்துவந்த ஆறு பொன்மீன்களை வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு மீனுக்கும் துரைசானி தன் அத்தைமாரில் ஒருத்தியின் பெயரை வைத்திருந்தார். துரைக்கு அந்த ஆறு பெயர்களும் மனப்பாடம். தினமும் அந்தக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொண்ட பங்களா வாசற்கூட்டியின் பெயர் அவருக்குத் தெரியாது.

"கங்காணி, இது தொரைசானி மீன்," என்றார் துரை, தமக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில். "ஒன் வூட்டுல வையி. கூட்டுற பொம்பள தெனம் வந்து பாக்கும். நான் திரும்பி வந்து மீன பாக்கறேன். அப்பறம் கம்பெனிக்கு கடுதாசி எழுதறேன். வெளங்குதா?"

சோமசுந்தரத்துக்கு விளங்கியது. மீன்கள் இருந்தால் பதவி உண்டு; இல்லாவிட்டால் சிவசாமிக்கு. இவ்வளவு தெளிவான ஒப்பந்தம் அவர் வாழ்வில் அதற்கு முன் வாய்த்ததில்லை.

எட்டு ஆட்கள் தொட்டியைச் சுவாமி புறப்பாடு போலத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். பின்னால், மீன்கள் நீந்தும் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றையும், தொட்டியின் பழைய தண்ணீர் நிறைந்த இரண்டு தகரங்களையும், பாசிக்கொடி சுற்றிய ஈர மணல் ஒரு கூடையையும் சுமந்தவர்களோடு பாப்பம்மா வந்தாள். அவள்தான் அந்த வாசற்கூட்டி. நாற்பது வயது இருக்கும், கணவனை இழந்தவள். அவளுடைய சாதியார் தொட்ட தண்ணீரைக் கங்காணி வீட்டார் புழங்குவதில்லை. அவள் தாகமென்று கேட்டால், உயரத்திலிருந்து அவள் கைக்குழியில் ஊற்றுவார்கள். ஊற்றிய செம்பைப் பிறகு கழுவுவார்கள்.

முற்றத்து எல்லையில் நின்றபடி பாப்பம்மா சொன்னாள்: "கங்காணி ஐயா, அந்தப் பழைய தண்ணியத்தான் ஊத்தணும். மணலக் கழுவக் கூடாது. அதுலதான் மீனுக்கு உசுரு. வாரத்துக்கு ஒருக்கா மூணுல ஒரு பங்கு தண்ணிய மட்டும் எடுத்துட்டு, ரெண்டு நாளு வச்சிருந்த தண்ணிய ஊத்துனாப் போதும். நான் உள்ள வந்து செஞ்சு குடுத்துடட்டுங்களா?"

உள்ளே என்ற சொல்லைக் கேட்டதும் கங்காணியின் மனைவி சுந்தரம்மா வாசற்படிக்கு வந்துவிட்டாள்.

"ஏங்க, அவ கை நனைச்ச தண்ணியையா நம்ம நடுவீட்டுல வைக்கப் போறீங்க? சாமி படத்துக்கு எதுக்க?"

"வாய மூடிக்கிட்டு இரு. எனக்குத் தெரியாதா?" என்றார் கங்காணி. பிறகு முற்றத்தை நோக்கி, "நீ போ புள்ள. தண்ணிய எப்படி வைக்கணும்னு நீ எனக்குச் சொல்லித்தர வேணாம்," என்றார்.

பாப்பம்மா போனாள். பழைய தண்ணீர் இரண்டு தகரமும் வாழைக்கு ஊற்றப்பட்டது. பாசிக்கொடி அழுக்கென்று குப்பைக்குப் போனது. கண்ணாடியில் படிந்திருந்த பச்சையைச் சுந்தரம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். பித்தளை அண்டா மினுங்குவதுபோல் தொட்டி மினுங்கியது. மணல் ஏழு தண்ணீரில் அலசப்பட்டது. ஊற்று நீர் கொட்டும் பீலியிலிருந்து அப்போதே பிடித்து வந்த மலைத்தண்ணீரால் தொட்டியை நிரப்பி, தீட்டுக் கழிய ஒரு சிட்டிகை மஞ்சள் தூவினார்கள். அதற்குள் மீன்களைக் கொட்டினார்கள். துரையின் மாளிகையில் இரண்டாண்டு சுகமாக வாழ்ந்த ஆறு உயிர்கள், ஒரு மனிதனுடைய ஆசாரத்தின் நடுவே குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றன.

மாலைக்குள் மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. மூச்சுக்குத் திணறும் மீன் அப்படித்தான் செய்யும். கங்காணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைக் கவனித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? நான் கிட்டப் போனதும் ஆறும் மேல வந்து கும்பிடுது. மிருகத்துக்குக்கூட ஆளத் தெரியுது."

இருபது ஆண்டுகளாக, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தமக்கு முன் நின்றவர்களையும் அவர் இவ்வாறே புரிந்துகொண்டிருந்தார். திணறுகிறவர்களின் வாய் திறந்திருப்பதை வணக்கம் என்று எண்ணுவது அவருக்குப் புதிய பழக்கமன்று. மீன்கள் பேசும் கதையாக இது இருந்திருந்தால், மூத்த மீன் தலையை உயர்த்தி, "ஐயா, நாங்கள் உம்மைக் கும்பிடவில்லை, காற்றைக் கும்பிடுகிறோம்," என்று சொல்லியிருக்கும். இது அத்தகைய கதையன்று. பேசக்கூடிய ஒருத்தியை அவர் முற்றத்திலிருந்தே திருப்பி அனுப்பியிருந்தார்.

கும்பிட்டவர்களுக்குப் பிரசாதம் தரவேண்டாமா? கங்காணி ஒரு பிடி பொரியை அள்ளிப் போட்டார். மறுநாள் முதல் மேற்கணக்கு ஆட்கள் மீன் பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். அதாவது, கங்காணி வீட்டில் துரை மீன் இருப்பதைப் பார்க்க வரும்படி கட்டளையிடப்பட்டார்கள். கோயில் தெப்பக்குளத்து மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். உள்ளே நுழையும் தகுதி உடையவர்கள் தாமே போட்டார்கள். இல்லாதவர்கள் சன்னலருகே நின்று சுந்தரம்மாவின் கையில் கொடுத்துப் போடச் சொன்னார்கள். தலைச்சுமையாக வந்த புண்ணியம் அனைத்தும் தொட்டியின் அடியில் ஊறி வெளுத்தது. மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய நீராயிற்று. இரண்டு மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன.

"அழுக்குத்தான் காரணம்," என்று கங்காணி தீர்ப்புச் சொன்னார். தொட்டி மறுபடியும் முழுவதும் கொட்டப்பட்டது. மறுபடியும் புளி, மறுபடியும் சாம்பல், மறுபடியும் பீலித் தண்ணீர். இம்முறை மஞ்சள் இரண்டு சிட்டிகை. குளிரென்று யாரோ சொன்னதால், தொட்டியை மேற்குச் சன்னலில் நல்ல வெயிலில் வைத்தார்கள். கண்ணேறு படாமலிருக்க ஓர் எலுமிச்சம்பழமும் மூன்று மிளகாயும் தொட்டிக்கு மேல் தொங்கின. கண்ணேறு பட்டதோ இல்லையோ, மிளகாய் ஒன்று அறுந்து தண்ணீரில் விழுந்தது. இரண்டு மாதத்துக்குள் மேலும் இரண்டு அத்தைமார் இறந்தார்கள்.

பாப்பம்மா ஒவ்வொரு நாளும் முற்றத்து எல்லைவரை வந்து நின்றாள். வந்து பார்க்கும்படி துரை சொல்லியிருந்தார். எவ்வளவு தூரத்திலிருந்து என்று சொல்லவில்லை.

"பொரிய நிறுத்துங்க ஐயா. அது மேல வர்றது பசிக்கில்லீங்க, மூச்சுக்கு."

"மீனுக்கு மூச்சா? நீ எந்தப் பள்ளிக்கொடத்துல படிச்ச?"

"படிக்கலீங்க. ரெண்டு வருசமா பாத்துக்கிட்டிருந்தேன்."

"பாத்த இல்ல? இப்பவும் பாரு. அங்க நின்னே பாரு."

இரண்டு மீன்கள் எஞ்சிய நிலையில் கங்காணி வண்டி கட்டிக்கொண்டு மாத்தளைக்கு இறங்கினார். கடைத்தெருவில் மக்கீனின் கடை கொழும்புச் சாமான்களுக்குப் பெயர்பெற்றது. துரைமாரின் விளக்குக் கண்ணாடி முதல் துரைசானிமாரின் தொப்பி இறகுவரை மக்கீன் தருவித்துக் கொடுப்பார்.

"நாலு பொன்மீன் வேணும், மக்கீன். இந்த அளவு. சிவப்புல மூணு, ஒண்ணுல கொஞ்சம் வெள்ள கலந்திருக்கணும்."

மக்கீன் சிரிக்காமலிருக்க முயன்றார். முயற்சி வெளியே தெரிந்தது. "இருந்தது எங்க, கங்காணி?"

"போயிருச்சு."

"எங்க போச்சு? கீழ்க்கணக்குக்கா?"

கடையிலிருந்த இருவர் குனிந்து மூட்டையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"வெளையாட்டுப் பேச வரல," என்றார் கங்காணி. "துரை வர்றதுக்குள்ள வேணும்."

"கொழும்புக்கு எழுதணும். ரயில்ல தகரத்துல வரும். ஒரு மாசம் ஆகும். பத்து அனுப்பினா நாலு உசிரோட வந்து சேரும். அந்த நாலையும் ஒங்க வீட்டுக்கு அனுப்புறது எனக்குப் பாவம். மிச்சம் ரெண்டு இருக்குன்னு கேள்வி. அதுங்கள விட்டு வைங்க. வளக்கத் தெரிஞ்ச ஆள் யாரும் தோட்டத்துல இல்லையா?"

கங்காணி வண்டியை நோக்கி நடந்தார். அந்தக் கேள்விக்கு விடை தெரியாத ஆளே மேற்கணக்கில் கிடையாது.

அவர் வீடு திரும்பியபோது தபாலில் ஒரு கடிதம் காத்திருந்தது. துரை முன்கூட்டியே வருகிறார். இன்னும் மூன்று வாரம்.

அன்று பிற்பகல், ஆட்கள் தேயிலை கிள்ளும் கொழுந்துமலையில் இருந்த வேளையில், கங்காணி பாப்பம்மாவை ஆளனுப்பிக் கூப்பிட்டார். முற்றத்து எல்லையில் நின்றவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, பார்வையை வேலியின்மேல் வைத்துக்கொண்டு பேசினார்.

"ரெண்ட காப்பாத்திக் குடுத்துரணும்."

"தண்ணிய நான் தொடணும், ஐயா. எட்ட நின்னு சொல்லி நடக்காது."

"தொடு."

"பீலித் தண்ணி ஆகாதுங்க. பழகின தண்ணி வேணும். எங்க லயத்துத் தொட்டியில குஞ்சு மீன் ஓடுது, பாசி கெடக்குது. அந்தத் தண்ணியில பாதியும் பாசியும், அடி மணலும் கொண்டாரணும்."

லயத்துத் தொட்டி. மேற்கணக்கின் கடைசி வரிசை லயம் முழுவதும் கைகால் கழுவும் தொட்டி. கங்காணியின் தாடை இருமுறை அசைந்தது. ஆசாரம் ஒரு தட்டில். இரண்டு கணக்குகளின் பெரிய கங்காணி என்ற பட்டம் மறுதட்டில். தாகத்தால் தவித்த பெண்ணுக்காக ஒருநாளும் அசையாத தட்டு, பட்டத்துக்காகச் சற்றும் சத்தமின்றி உயர்ந்தது.

"பின்வாசலால கொண்டா. தகரத்துமேல வாழையெலையப் போட்டு மூடிக் கொண்டா. கொழுந்துக்கு ஆள் போனப்பறம் வா, எடை போடறதுக்கு முந்திப் போயிரு."

இவ்வாறு ஒரு புதிய சாத்திரம் பிறந்தது: எவரும் காணாத தீட்டு தீட்டன்று. சாத்திரத்தை முழுமையாக்க ஒரு விதியும் சேர்க்கப்பட்டது. பாப்பம்மா நடுவீட்டில் வேலைசெய்யும் நேரத்தில் சுந்தரம்மா மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட வேண்டும். கங்காணி வாசலில் நாற்காலி போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி, பாதையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்டால்தானே குற்றம்? மூன்று வாரமும் அவர் ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஒன்றைமட்டும் அவர் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்.

உள்ளே அவள் அவசரப்படவில்லை. தொட்டியை வெயிலிலிருந்து நகர்த்தி வெளிச்சம் சாய்வாக விழும் மூலையில் வைக்கச் செய்தாள். எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கழற்றி எறிந்தாள். பாதித் தண்ணீர் லயத்துத் தொட்டியிலிருந்து வந்தது. மீதி, இரண்டு நாள் பானையில் ஆறவிட்டது. பாசிக்கொடியை மணலில் ஊன்றினாள். முதல் மூன்று நாள் மீன்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அப்புறம், இரு விரலால் கிள்ளிய தீனி. அதுவும் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்று தீரும் அளவு. பத்தாம் நாள் கண்ணாடியில் மெல்லிய பச்சை படர்ந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. தண்ணீர் தெளிந்தது. இரண்டு மீன்களும் மேல்மட்டத்தை விட்டு நடுத்தொட்டியில் உலாவின, பாசிக்குள் புகுந்தன, மணலைக் கிளறின. அவை யாரையும் கும்பிடுவதை நிறுத்திவிட்டன.

"நல்லா இருக்குதுங்க ஐயா," என்று ஒருநாள் பின்வாசலில் நின்று சொன்னாள். "வந்து ஒரு பார்வ பாருங்க. என்ன செஞ்சேன்னு சொல்லிடறேன். நாளைக்கு எனக்குக் காச்சல் கீச்சல் வந்தா..."

"வேலைய முடிச்சிட்டியா? போ," என்றார் கங்காணி, பாதையைப் பார்த்தபடி.

துரை ஒரு திங்கட்கிழமை காலை குதிரையில் வந்தார். கங்காணி வீட்டு வாசலில் மேற்கணக்கு ஆட்கள் பாதிப்பேர் நின்றார்கள், நிற்கும்படி சொல்லப்பட்டிருந்தது. பட்டம் கிடைக்கும் நொடியில் பார்ப்பதற்கு ஆள் வேண்டுமல்லவா? பாப்பம்மா தன் வழக்கமான எல்லையில் நின்றாள்.

துரை நேரே தொட்டியிடம் போனார். குனிந்து பார்த்தார். எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை.

"நாலு எங்க?"

இந்தக் கேள்விக்குக் கங்காணி மூன்று வாரமாக விடை தயாரித்து வைத்திருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால்கூட அவர் தப்பியிருக்கலாம். துரை அன்று நல்ல மனநிலையில் இருந்தார். ஆனால் உண்மை அந்தக் கையிருப்பில் இல்லை.

"தொரைகளே, அந்தக் கூட்டறவ கைய வச்சா, நாலு செத்துப் போச்சு. அன்னிக்கே அவள வெரட்டிட்டேன். அப்பறம் ராப்பகலா என் கையாலயே பாத்து, இந்த ரெண்டயும் காப்பாத்தினேன். தண்ணி மாத்தறது, தீனி போடறது எல்லாம் நானேதான்."

முற்றத்தில் யாரோ இருமினார்கள். கொழுந்துமலையிலிருந்து பார்த்தால் கங்காணி வீட்டுப் பின்வாசல் நன்றாகத் தெரியும் என்பதை, அந்த வீட்டில் இருந்தவர் ஒருவர்தான் அறியாமலிருந்தார்.

"நீயே?" என்றார் துரை. அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது. "ரொம்ப நல்லது. தொரைசானி அடுத்த மாசம் வரும். இந்தப் பொம்பளய மாத்தி ஒன்ன வைக்கலாம். தண்ணி எப்படி மாத்தறே? காட்டு. நான் பாக்கறேன்."

கங்காணி கோட்டின் கைகளை மேலே ஏற்றினார். வெள்ளிப் பித்தான்கள் வரிசையாக ஒளிர்ந்தன. இரண்டு மீன்களையும் உள்ளங்கையில் அள்ளிச் செம்பில் போட்டார். ஒரு சட்டியை எடுத்துத் தொட்டியை இறைக்கத் தொடங்கினார். கால் பங்கு போயிற்று, பாதி போயிற்று. துரையின் புருவம் சற்றே உயர்ந்தது. முக்கால் போயிற்று. பாசிக்கொடியைப் பிடுங்கி வெளியே எறிந்தார். கடைசித் துளிவரை இறைத்துவிட்டு, மணலை இருகையாலும் வாரிக் கூடையில் போட்டு, கம்பீரமாக உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"புளி கொண்டா."

"புளியா?" என்றார் துரை.

"ஆமாங்க தொரைகளே. புளி போட்டுத் தேச்சாத்தான் சுத்தமாகும். தெனம் ஒருக்கா."

சுந்தரம்மா கையில் புளியுருண்டையோடு வாசற்படியில் நின்றாள். அவளுக்கு ஏதோ விளங்கியிருந்தது, அவருக்கு விளங்கவில்லை. துரை செம்புக்குள் எட்டிப்பார்த்தார். இரண்டு மீன்களும் அடியில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"தெனம் இப்படிச் செஞ்சா," என்றார் துரை, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "இந்த ரெண்டும் எப்பவோ சாகணும். மீன யாரு பாத்தது?"

பெரட்டுக்களத்தில் ஒருநாளும் வாய்திறந்திராதவன் இருளாண்டி என்ற, தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக்காரன். அவன் முற்றத்தில் நின்றபடியே, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "பாப்பம்மாங்க தொரைகளே. பின்வாசல் வழியா. வாழையெலையப் போட்டு மூடிக்கிட்டு."

கூட்டம் சிரித்தது. அதட்டி அடக்கவேண்டியவர் கையில் ஈர மணல் இருந்தது.

துரை செம்பை எடுத்துத் தாமே பாப்பம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அது கங்காணி வீட்டுச் செம்பு. கொடுத்துவிட்டு, அவளுடைய பெயரைக் கேட்காமலே குதிரையில் ஏறினார். மீன் பிழைத்தது அவருக்குப் போதும். கம்பெனிக்கு அன்றே எழுதினார். அடுத்த வாரம் காலைப் பெரட்டில் சிவசாமி இரண்டு கணக்குகளுக்கும் பெரிய கங்காணி என்று அறிவிக்கப்பட்டார். சிவசாமி இவரைவிட மேலானவர் என்று எண்ணிவிடவேண்டாம். அவரிடம் மீன் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை சோமசுந்தரம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெறுந்தொட்டி இருந்த மூலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஓர் உண்மை அவருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சுந்தரம்மா நம்பினாள். அருகே வந்து மெல்லக் கேட்டாள்:

"என்னங்க யோசிக்கிறீங்க?"

"மீன் சாதியே நன்றி கெட்ட சாதி," என்றார் அவர். "எவ்வளவு பொரி போட்டேன்."